ஒட்டுண்ணி அட்டையா, கிரைசோபெர்லா டப்பாவா?

பயிரைக் கெடுக்கும் பூச்சிகளை ஒழிக்க, ஒட்டுண்ணி ஏற்றிய முட்டைகளை ஒட்டிய காகித அட்டை, கிரைசோபெர்லா என்ற பூச்சியின் டப்பா, இந்த இரண்டையும் உயிரியல் மருந்துக் கடையில் அக்கம்பக்கமாக வைத்து, "நன்மை செய்யும் பூச்சி" என்று ஒரே பெயர் சொல்லித்தான் விற்கிறார்கள். ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கினால் காசு தண்டம்.

அட்டையில் இருப்பது டிரைக்கோகிரம்மா. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் குளவி. இன்னொரு பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று வளர்ந்து, எட்டுப் பத்து நாளில் ஓட்டைத் துளைத்துக்கொண்டு வரும். அட்டையில் ஒட்டியிருப்பவை கார்சைரா அந்துப்பூச்சி முட்டைகள். ஒட்டுண்ணி ஏறியிருந்தால் மூன்று நான்கு நாளில் கறுத்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை முட்டை நிறைய இருந்தால் ஒட்டுண்ணி சரியாக ஏறவில்லை. கறுப்பு முட்டையில் ஊசித்துளை தெரிந்தால் குளவி கடையிலேயே பறந்துவிட்டது, வெறும் முட்டை ஓட்டுக்குத்தான் பணம்.

டிரைக்கோகிரம்மாவில் எந்த இனம் என்பதும் முக்கியம். நெல் தண்டுத் துளைப்பானுக்கு ஜப்பானிகம், இலைச் சுருட்டுப் புழுவுக்குக் கைலோனிஸ். கரும்பு இடைக்கணுப் புழுவுக்கும் கைலோனிஸ்தான்: ஏக்கருக்கு 1 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை, நான்காம் மாதம் தொடங்கி 15 நாளுக்கொரு முறை, மொத்தம் 6 தடவை. குளவி சில மீட்டர் தூரமே பரவும். ஆகவே அட்டையைத் துண்டுகளாக நறுக்கி, வயல் முழுக்க, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் பின் அடிக்க வேண்டும். புழு தண்டுக்குள் புகுந்த பிறகு கட்டினால் ஒரு பலனும் இல்லை.

கிரைசோபெர்லா நேர் எதிர். பச்சை நிறக் கண்ணாடி இறக்கைப் பூச்சி; வளர்ந்தது மகரந்தமும் தேனும் சாப்பிடும் சாது. வேட்டையெல்லாம் புழுப் பருவத்தில். அரிவாள் போன்ற இரு தாடையால் அசுவினியை (செடியின் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) குத்தித் தூக்கி, சாற்றை உறிஞ்சி, தோலை எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். இலைப்பேன், மாவுப்பூச்சிக் குஞ்சு எதுவும் தப்பாது. கூடப் பிறந்ததும் தப்பாது! அதனால் டப்பாவுக்குள் மரத்தூளோ காகிதத் துணுக்கோ, தீனிக்குக் கார்சைரா முட்டையோ இல்லையென்றால் வாங்காதீர்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி பாதியைத் தின்றிருக்கும். வளர்ந்த பூச்சியாகக் கொடுத்தாலும் வேண்டாம். விட்டதும் வேறு வயலுக்குப் பறந்துவிடும்.

காலம் தவறினால் அட்டை மன்னிக்காது. பயிர்ப் புழுவின் தாய் அந்துப்பூச்சி பொறியில் விழத் தொடங்கியதுமே கட்டியாக வேண்டும். டப்பா அந்த அளவுக்குக் கறார் இல்லை, அசுவினி கண்ணில் பட்ட பிறகு விட்டாலும் வேலை செய்யும். காய்கறித் தோட்டத்துக்கு எங்கள் ஓட்டு டப்பாவுக்கே. ஆனால் மாவுப்பூச்சி உள்ள செடியில் எறும்பு ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். தித்திப்புக் கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், கிரைசோபெர்லாப் புழுவைக் கடித்து விரட்டும். எறும்பை ஒழித்துவிட்டு டப்பாவைத் திறங்கள்.