ஜிபிஎஸ்னு சொல்லி காந்த மீட்டரைக் கட்டி விட்டாங்க, போனது ₹4,350

கோவையில சைக்கிள் கம்ப்யூட்டர் (ஹேண்டில்பார்ல மாட்டற வேக மீட்டர்) வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுக் கடைக்குப் போங்க. சனிக்கிழமை வாங்குனது, இன்னைக்குச் செவ்வாய். இதுக்குள்ள மூணு ஃபோன், ஒரு தடவை நேர்ல. ₹4,350 இனித் திரும்பாதுன்னு இன்னைக்குக் காலையிலதான் தெளிவாச்சு. கடை பேரை எழுதப் போறதில்லை. ஊருக்குள்ள, மாடி வெச்சு, கியர் சைக்கிளும் உதிரிபாகமும் விக்கற கடைன்னு வெச்சுக்குங்க.

கேட்டது பெருசா ஒண்ணுமில்லை. வேகம், தூரம், நேரம், சராசரி, போன வழியைப் பதிஞ்சு ஸ்ட்ராவாங்கற சைக்கிள் ஓட்டறவங்க ஆப்புல ஏத்தணும், விடியக்காலை அஞ்சு மணிக்குப் பாக்கறதுக்குத் திரையில லைட்டு வேணும். மேப் வேண்டாம், கலர் வேண்டாம். ஐயாயிரத்துக்குள்ள.

கவுண்டர்ல இருந்த தம்பி மொதல்ல ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு ஒண்ணை எடுத்து வெச்சான். வெச்சவனே உள்ள தள்ளீட்டு, "உங்களுக்கு எதுக்குங்ணா இவ்வளவு விலையில? நீங்க கேக்கறதெல்லாம் இதுலயே இருக்குதுங்ணா, 4,350தான்"னு இன்னொரு பெட்டியை எடுத்தான். விலை கூடுனதை வேண்டாம்னு சொல்ற ஆளை யாருங்க சந்தேகப்படுவாங்க? விழுந்தது அந்த எடத்துலதான்.

அப்பறம் ஷோரூம்ல நின்ன சைக்கிள்ல அதே மீட்டரை மாட்டி வெச்சிருந்ததைக் காட்டுனான். முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுத்து விட்டான். திரையில 27-னு வந்துச்சு. "ஜிபிஎஸ் தானுங்களா?"ன்னு கேட்டதுக்கு, "ஜிபிஎஸ்தானுங்ணா, சென்சாரும் கூடவே ஃப்ரீயா வருது"ன்னான். பெட்டி மேல சேட்டிலைட் படம், கீழ 'வயர்லெஸ்'னு கொட்டை எழுத்து.

நின்ன எடத்துல சக்கரம் மட்டும் சுத்தினா ஜிபிஎஸ்ஸுக்கு அது தெரியவே தெரியாது. அது பாக்கறது மீட்டர் இருக்கற எடம் நகருதான்னுதான். அதுவும் மாடிக் கட்டடத்துக்குள்ள, கீழ்த் தளத்துல சேட்டிலைட் சிக்னல் ஒழுங்கா வராது. சக்கரம் சுத்தி வேகம் வந்தா அது சென்சார் குடுக்கற கணக்கு. நெசமான ஜிபிஎஸ் மீட்டரோடயும் வேக சென்சார் சேத்து விக்கறதுண்டு, அதனால அந்தப் பேச்சு நம்பற மாதிரி இருந்துச்சு. ஆனா அந்தச் சென்சார் பெரும்பாலும் சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்புல ரப்பர் போட்டு மாட்டறது, காந்தம் இருக்காது. இங்க முன்சக்கரத்தைப் புடிச்சிருக்கற ஃபோர்க்குல ஒரு டப்பா, ஸ்போக் கம்பில ஒரு காந்தம். கண்ணு முன்னாடியே இருந்ததைப் பாக்காம விட்டதுக்கு ₹4,350.

வீட்டுல பிரிச்சா சார்ஜ் போடற ஓட்டையே இல்லை. பின்னாடி காசு போட்டுத் திருகற மூடி, உள்ள CR2032 பேட்டரி. ஆன் பண்ணுனதும் மொதக் கேள்வியே சக்கரச் சுத்தளவு எத்தனை மில்லிமீட்டர்னு. ஜிபிஎஸ் மட்டும் வெச்சு ஓடற மீட்டருக்கு அந்த அளவே தேவையில்லை. புளூடூத் கெடையாது, ஆப் கெடையாது, வழியைப் பதியறதுக்கு நினைவகமும் கெடையாது. அப்பறம் எங்கீங்க ஸ்ட்ராவால ஏத்தறது?

காந்த மீட்டர் மட்டமான சாமானுன்னு சொல்ல வரலீங்க. ஃபோர்க் டப்பாக்குள்ள காந்தம் கிட்ட வந்தா வேலை செய்யற ஒரு ரீட் ஸ்விட்ச் இருக்குது, காந்தம் தாண்டற போதெல்லாம் ஒரு சுத்துன்னு எண்ணும். சுத்தளவைச் சரியாப் போட்டா, ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறற 40 கொண்டை ஊசி வளைவுலயும் தூரம் பிசகாது. ஜிபிஎஸ்தான் மரத்தடியில தடுமாறும், வளைவுல மூலையை வெட்டி வெட்டிக் கணக்குப் போட்டுத் தூரத்தைக் கொறைச்சும் காட்டும். வெறும் வேகமும் தூரமும் போதுங்கறவங்களுக்கு வயர் போட்ட காந்த மீட்டரே தாராளம். எனக்குக் குடுத்த இதே உருப்படி வேற லேபிள்ல ₹899-க்குக் கெடைக்குது. எரிச்சல் அதுலதான், ₹899 சாமானை ₹4,350-க்கு வேற பேரு வெச்சுக் குடுத்தது.

குடுத்ததாவது ஒழுங்கா ஓடுச்சான்னா அதுவும் இல்லை. கூட வந்த பேப்பர்ல 700 சைஸ் டயருக்கெல்லாம் ஒரே சுத்தளவா 2155 மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. அது 700x32-க்கு, அதாவது 32 மில்லிமீட்டர் அகல டயருக்கு. 28 டயருக்கு 2136, 25-க்கு 2105. 28 டயர்ல 2155 போட்டா நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒண்ணு கூடக் காட்டும். அதே 28 டயருக்கு 26 இஞ்ச் டயரோட 2050-ஐப் போட்டு விட்டுட்டா நூறு ஓட்டுனதுக்கு 96-தான் வரும். பேப்பரை நம்பாம, காத்து சரியா அடிச்சு, வால்வு நேர் கீழ இருக்கறப்ப தரையில ஒரு கோடு போட்டு, சைக்கிள் மேல ஆள் உக்காந்து ஒரே ஒரு சுத்து உருட்டி, வால்வு மறுபடி கீழ வர்ற எடத்துல இன்னொரு கோடு போட்டு டேப்புல அளங்க.

அப்பறம் இந்த வயர்லெஸ் கூத்து. இது பழைய மாதிரி சிக்னல், எந்தச் சென்சார்ல இருந்து வருதுன்னு மீட்டருக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. முன்னாடி எல்இடி லைட்டை மீட்டர் பக்கத்துல மாட்டினா, நின்ன எடத்துலயே 60, 70-னு ஓடுது. லைட்டை நாலு விரக்கடை தள்ளி மாட்டுனதும் நின்னுச்சு. காந்தத்துக்கும் டப்பாக்கும் நடுவுல 5 மில்லிமீட்டருக்கு மேல போனா வேகம் விட்டு விட்டு வரும். அதே மாடல் வெச்சவங்க ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல ஓட்டுனா ஒருத்தர் வேகம் இன்னொருத்தர் திரையில வந்தாலும் ஆச்சரியமில்லை.

ஞாயித்துக்கெழமை ஃபோன் போட்டா, "வெளிய தெறந்த எடத்துல அஞ்சு நிமிஷம் வைங்ணா, சேட்டிலைட் புடிச்சுக்கும்." சேட்டிலைட் புடிக்கற உறுப்பே இல்லாத டப்பாவை மொட்டை மாடியில வெச்சா காக்காதான் புடிச்சுட்டுப் போகும். திங்கட்கெழமை காலையில, "ஆப் அப்டேட் வருதுங்ணா." எந்த ஆப்புன்னு கேட்டதும் கட். சாயந்தரம் நேர்ல போனா, அதே தம்பி, "பெட்டி ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டீங்களே, நாங்க எப்படிங்ணா திருப்பி எடுக்கறது?" கிழிக்காம எப்படிங்க பாக்கறது? மொதலாளி திருப்பூர் போயிருக்காராம், அடுத்த வாரம் வருவாராம். இன்னைக்குக் காலையில ஃபோனையே எடுக்கல.

பணம் கட்டற எடத்துலயே சுதாரிச்சிருக்கணும். கார்டு மெஷின் ரிப்பேருன்னு ஒரு தனி நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னாங்க. பில்லு கையில எழுதுனது.

வாங்கப் போறவங்களுக்கு வரிசையா எழுதலாம்னு உக்காந்தேன், கோவத்துல கை ஓட மாட்டேங்குது. இது மட்டும் பாத்துக்குங்க. சார்ஜ் ஓட்டை இல்லாம காசு மூடி பேட்டரி இருந்தா ஜிபிஎஸ்ஸான்னு நாலு தடவை கேளுங்க. சென்சாரைக் கழட்டி வெச்சுட்டு மீட்டரை மட்டும் கையில புடிச்சு, யார் வண்டிலயாச்சும் பின்னாடி உக்காந்து ஒரு ரவுண்டு போங்க. மொதத் தடவை சிக்னல் புடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், பொறுங்க. வேகம் வரலைன்னா வெச்சுட்டு வந்துருங்க. வேகம் வந்தாலும் உங்க ஃபோன்ல புளூடூத்தை அணைச்சுட்டு இன்னொரு ரவுண்டு, ஏன்னா ஃபோனோட ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கிக் காட்டற மீட்டரும் இருக்குது, ஃபோன் செத்தா அதுவும் செத்துரும். பில்லுல மாடல் நம்பரும் ஜிபிஎஸ்ங்கற வார்த்தையும் எழுதி வாங்குங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்னைக்கு அடிச்சு ₹4,350-க்குப் புகார் பதிஞ்சாச்சு. பில்லுல பொருள் பேரு என்ன போட்டிருக்குன்னு கேட்டாங்க. "சைக்கிள் மீட்டர் - 1"ன்னு போட்டிருக்குதுங்க.