கியர்பாக்ஸ் லைட் எரிந்தால்: 700 ரூபாய் டாங்கிளா, கையடக்க ஸ்கேனரா, ஒர்க்‌ஷாப்பா?

தேவனாம்பட்டினம் பீச்சிலிருந்து திரும்பும்போது என் பழைய ஆட்டோமேட்டிக் கார் மூன்றாம் கியரிலேயே அடம்பிடித்து நின்றுவிட்டது. டாஷ்போர்டில் மஞ்சள் லைட். கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்படி ஒரே கியரைப் பிடித்துக்கொள்ளும். லிம்ப் மோடு என்பார்கள். மஞ்சக்குப்பம் வரை ஊர்ந்தே வந்தேன். “ஒர்க்‌ஷாப்புல விட்டுடுங்க மாமா” என்றான் மைத்துனன். விடவில்லை. அங்கே எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, பிறகு சொல்கிறேன்.

காரின் கோளாறுக் குறியீடுகளைப் படித்துப் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவிதான் டாங்கிள். 700 ரூபாய்க்கு வாங்கிய அந்த ப்ளூடூத் டாங்கிளை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகினேன். பார்க்கிங் கியர், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு ஒரு செங்கல். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் மட்டும் ஆன். போனில் வந்த கோளாறுக் குறியீடு (code) பி0700. இதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கைகாட்டுகிறது, அவ்வளவுதான். இலவச ஆப்கள் பல இத்தோடு நின்றுவிடும். என் கார் மாடலுக்கான புரொஃபைல் உள்ள வேறொரு ஆப்பைப் போட்ட பிறகுதான் பி0720 தெரிந்தது: கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் சுழற்சி வேகத்தை அளக்கும் அவுட்புட் ஸ்பீடு சென்சாரின் சிக்னலில் கோளாறு. சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வயரோ கனெக்டரோகூட காரணமாக இருக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறியதும் இக்னிஷனை அணைத்து, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, கனெக்டரைப் பிரித்தேன். உள்ளே பின்களில், குத்துவிளக்கில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு. உப்புக்காற்று ஊர், போதாததற்குப் போன மழையில் தெருவில் நின்ற தண்ணீர். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கையடக்க ஸ்கேனர் வைத்திருக்கிறார். போனோடு ப்ளூடூத்தில் இணைக்கும் தொல்லையே இல்லை. ஆனால் விலை குறைந்த மாடல்கள் இன்ஜினை மட்டுமே படிக்கும். அவருடையதும் பி0700-க்கு மேல் நகரவில்லை. கியர்பாக்ஸ் வரை படிப்பவை பல ஆயிரம். வாடகைக்கு நாலு வண்டி ஓட்டுபவருக்குச் சரி, ஒற்றைக் கார் வீட்டுக்கு வீண்.

ஒர்க்‌ஷாப் ஸ்கேனருக்கு ஈடில்லைதான். கியர்பாக்ஸ் ஆயிலைத் திறந்து மூடும் மின் வால்வான சாலினாய்டை இயக்கிப் பார்க்கும், கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் கிளட்ச் லேர்னிங் செய்யும். பி0730 (கியர் விகிதம் தவறு), பி0741 (டார்க் கன்வர்ட்டர் கிளட்ச் கோளாறு) வந்தாலோ கியர் வழுக்கினாலோ அங்கேதான் போக வேண்டும். ஓட்டிப் போகாமல் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்புங்கள். அப்போதும் முதலில் ஆயில் அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். என் பழைய கணக்கு இதுதான்: ஒரு இடத்தில் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, நான் குறித்துக்கொள்வதற்குள் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டார்கள். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் கோளாறு வந்தது என்ற பதிவும் கூடவே போயிற்று. அதனால்தான் இப்போது வீட்டில் டாங்கிளில் படித்து போட்டோ எடுத்துக்கொண்டுதான் எங்கும் போகிறேன்.

வேலை முடிந்ததும் டாங்கிளைப் பிடுங்கிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டில் எப்போதும் கரண்ட் உண்டு. வண்டி நாள்கணக்கில் நின்றால் பேட்டரி இறங்கும். பேட்டரி இறங்கினால் அதற்கென்று தனியாக நாலு கோளாறுக் குறியீடு வந்து நிற்கும்.