அஜீரணம், செரியாமை, தகனக்கேடு: எந்தச் சொல் எதைச் சொல்கிறது?

நாகர்கோவிலில் திருமண விருந்தில் அவியலும் எரிசேரியும் அடைப்பிரதமனுமாக உண்டு எழுந்தவருக்கு மறுநாள் வயிறு கனத்தால், அதை அவர் அஜீரணம் என்பாரா, செரியாமை என்பாரா, மந்தம் என்பாரா, ‘கேஸ்’ என்பாரா என்பது அவருடைய ஊரையும் வயதையும் பொறுத்தது. எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் வயிற்றுக்குள் நடப்பதை வெவ்வேறு விதமாகக் கற்பனை செய்கிறது.

‘அஜீரணம்’ வடசொல். ‘ஜீர்ண’ என்றால் பழையதாகித் தேய்ந்தது, சிதைந்தது என்று பொருள். கோயில் குடமுழுக்கு அழைப்பிதழ்களில் காணும் ‘ஜீர்ணோத்தாரணம்’, அதாவது சிதிலமானதைப் புதுப்பித்தல் என்பதிலும் இதே சொல்தான் இருக்கிறது. அந்தப் பார்வையில், உண்டது உருக்குலையாமல் உண்டபடியே வயிற்றில் கிடப்பதுதான் அஜீரணம். சொல்லிலேயே ‘அ’ என்னும் எதிர்மறை அடங்கியிருப்பதால், ‘அஜீரணக் கோளாறு’ என்று விளம்பரங்கள் எழுதுவது குறையின் மேல் இன்னொரு குறையை ஏற்றுவதாகிறது. ‘செரிமானக் கோளாறு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

‘செரியாமை’ இதைவிட எளியது. எழுத்தில் நான் தேர்ந்தெடுப்பதும் இதையே. ‘அவர் சொன்னது எனக்குச் செரிக்கவில்லை’ என்று மனத்துக்கும் நீளும் வலு இந்த வினைக்கு உண்டு. செரித்ததைச் சொல்லத் திருக்குறளின் மருந்து அதிகாரம் ‘அற்றது’ என்னும் சொல்லைக் கையாள்கிறது. முன்பு உண்டது முற்றிலும் தீர்ந்த பிறகே மீண்டும் உண்ண வேண்டும் என்பது 942ஆம் குறளின் கருத்து. ‘அறுதல்’ இப்பொருளில் இன்று பேச்சில் இல்லாதது இழப்புதான். ஈழத்துப் பாடநூல்கள் செரிமானத்தைச் ‘சமிபாடு’ என்கின்றன. அது நம் பக்கத்தில் பரவவில்லை.

குமரி மாவட்டத்துக்கே உரிய போட்டியாளர் ‘தகனக்கேடு’. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளம் அறிந்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. மலையாளத்தில் ‘தகனம்’ செரிமானத்தையும் குறிக்கும். மாவட்ட எல்லையிலுள்ள ஆரல்வாய்மொழியைத் தாண்டிவிட்டால் அது பிணத்தை எரிப்பது மட்டுமே. வடக்கிலிருந்து வந்த விருந்தினர் இச்சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் இதன் அடியில் உள்ள நெருப்புக் கற்பனை நமக்கு அந்நியமானதன்று. 947ஆம் குறள் பசியைத் ‘தீ’ என்றே சொல்கிறது. கிரேக்கத்திலும் சமைத்தலுக்கும் செரித்தலுக்கும் ஒரே வேர்தான். செரியாமையைக் குறிக்கும் ‘டிஸ்பெப்சியா’வும், 1836இல் தியோடர் ஷ்வான் இரைப்பையில் கண்டறிந்த ‘பெப்சின்’ என்னும் நொதியின் பெயரும் அதிலிருந்து வந்தவையே.

அந்தத் தீ தணிந்து மெல்ல எரிவதே ‘மந்தம்’. கோட்டாற்றில் ஆயுர்வேதக் கல்லூரியும் முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் உள்ள மாவட்டம் என்பதால், ‘அக்கினி மந்தம்’ இங்கே பலருக்கும் பழகிய தொடர். ஒரு துணைக்கால் சேர்ந்து ‘மாந்தம்’ ஆகிவிட்டால் அது குழந்தைகளின் நோய். அதற்கு மருந்தாகக் கொடுக்கும் வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயர் வந்ததும் அந்த வழியில்தான். சித்த மருத்துவம் எட்டு வகையாகப் பிரிக்கும் ‘குன்மம்’ இவற்றைவிடக் கடுமையான வயிற்று நோய். ஒரு நாள் விருந்தின் விளைவுக்கு அச்சொல் மிகை.

மருத்துவரிடம் போகும்போது மேற்கண்ட எதையும்விட அறிகுறியின் பெயரே பயன்படும். உப்புசம் என்றால் வயிறு காற்றால் பருத்திருப்பது. எதுக்களிப்பு என்றால் உண்டது தொண்டைவரை மீண்டு வருவது. புளியேப்பம் வேறு, நெஞ்செரிச்சல் வேறு. இவை அனைத்தையும் விழுங்கிவிட்ட ‘கேஸ்’ என்ற ஒற்றைச் சொல்லைத்தான் நான் முற்றிலும் நிராகரிக்கிறேன், ஏனெனில் மாரடைப்பின் வலியும் சில வேளைகளில் மேல்வயிற்றில் அழுத்தமாகவே தொடங்கும். வியர்வை, மூச்சுத்திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால், ‘கேஸ்தான்’ என்று தாமே பெயர் சூட்டிக்கொண்டு சோடா வாங்கிவர ஆள் அனுப்பாமல், உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.