எஞ்சினை மாற்றியாச்சு, எந்த புரொப்பெல்லர்?

படகிலிருந்து 150 குதிரைத்திறன் எஞ்சினை இறக்கிவிட்டு 225-ஐ ஏற்றியவர் முதலில் கேட்பது, "இனி எவ்வளவு வேகம் போகும்?" அடுத்தது, "பழைய புரொப்பெல்லரையே மாட்டிக்கலாமா?" இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் பழைய எஞ்சின் ஓடிய நாட்களின் குறிப்பில்தான் இருக்கிறது. எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் வேகத்தையும் ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) குறித்து வைத்தவர் புண்ணியவான்.

ஓர் உதாரணப் படகை எடுத்துக்கொள்வோம். ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 2,600 பவுண்ட். 150 எஞ்சின், 2.00 கியர் ரேஷியோ (எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று), 21 பிட்ச் புரொப்பெல்லர் (நழுவாமல் போனால் ஒரு சுற்றில் 21 அங்குலம் முன்னேறும்). முழு திராட்டிலில், அதாவது வேகக் கைப்பிடியை முழுதாகத் தள்ளினால், 5,500 ஆர்பிஎம், ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 50 மைல். புது 225-ஓடு எடை 2,700 ஆகிறது, கியர் ரேஷியோ 1.75. எஞ்சின் தயாரிப்பாளர் சொல்லும் முழு திராட்டில் எல்லை 5,500 முதல் 6,000 வரை என்று வைத்துக்கொள்வோம்.

வேகத்தை மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கிரௌச் சூத்திரம். 1924, 1925 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்க மோட்டார் படகுப் பந்தயமான கோல்டு கப்பை வென்ற 'பேபி பூட்லெக்கர்' படகை வடிவமைத்த ஜார்ஜ் கிரௌச்சின் பெயரில் வழங்குவது. மொத்த எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதனால் ஒரு மாறிலியை வகுத்தால் வேகம். சாதாரண ரன்னபவுட்டுக்கு (சிறிய மோட்டார் படகு) மாறிலி 150, வேகமான ரன்னபவுட்டுக்கு 190, பந்தய வகைக்கு 210 என்று பட்டியல் போடுவார்கள். சிக்கலே இங்கேதான். நம் படகுக்கு 190 என்றால் 55 மைல் வருகிறது, 210 என்றால் 60.6. ஆளுக்கொரு மாறிலியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம், ஆனால் தேவையே இல்லை. பழைய வேகம் தெரியும் என்பதால் மாறிலியைப் படகே சொல்லிவிடுகிறது: 2,600-ஐ 150-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 4.16, அதை 50-ஆல் பெருக்கினால் 208. இப்போது 2,700-ஐ 225-ஆல் வகுத்தால் 12, வர்க்கமூலம் 3.46. 208-ஐ அதனால் வகுத்தால் 60 மைல். திறன் ஒன்றரை மடங்கு ஆகியும் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. "225 போட்டா 75 போகும்ல?" என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

ஒரு இடைச்செருகல்: வயதான 150 எஞ்சின் உண்மையிலேயே 150 கொடுத்துக்கொண்டிருந்ததா? 130-தான் கொடுத்தது என்றால் படகின் மாறிலி இன்னும் உயர்வு, புது வேகமும் கூடும். மாறாக, புது எஞ்சினின் எடை முழுவதும் பின்பக்கம் உட்கார்ந்து படகு குதிக்க ஆரம்பித்தால் 60 வராது.

இரண்டாவது வழி ஸ்லிப், அதாவது நழுவல், கணக்கு. ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் ரேஷியோவையும் 1,056-ஐயும் (அலகுகளை மைலாக மாற்றும் எண்) பெருக்கிய தொகையால் வகுத்தால், புரொப்பெல்லர் திருகு போல நழுவாமல் முன்னேறியிருந்தால் வரும் வேகம். பழைய எஞ்சினுக்கு அது 54.7 மைல். உண்மையில் ஓடியது 50. நழுவியது 8.6 சதவீதம், நல்ல அளவுதான். அதே ஸ்லிப்பை வைத்துக்கொண்டு, 60 மைலை 5,800 ஆர்பிஎம்மில் தொட எவ்வளவு பிட்ச் வேண்டும் என்று திருப்பிப் போட்டால் 20.9 வருகிறது. அதாவது பழைய 21-ஏதான்! வேகம் 10 மைல் கூடியும் பிட்ச் மாறவில்லை, ஏனென்றால் கியர் ரேஷியோ மாறிவிட்டது. அதே 225 எஞ்சின் 2.00 கியரோடு வந்திருந்தால் 24 பிட்ச் தேடியிருக்க வேண்டும். பக்கத்துப் படகுக்காரர் என்ன பிட்ச் போட்டிருக்கிறார் என்று கேட்கும்போது கியரையும் சேர்த்துக் கேட்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

இரண்டு வழிகளில் எது சரி என்றால், ஒன்றில்லாமல் மற்றது அரைகுறை. ஸ்லிப் கணக்கில் 26 பிட்ச் என்று போட்டாலும் வேகம் கொட்டும். அதைச் சுற்ற எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. கிரௌச்சுக்கோ புரொப்பெல்லர் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, பிட்ச் 21 பக்கம் என்று தெரிந்துவிட்டது. கையில் இருக்கும் பழைய மூன்று பிளேடு அலுமினியமா, புது மூன்று பிளேடு ஸ்டெயின்லெஸ்ஸா, நான்கு பிளேடு ஸ்டெயின்லெஸ்ஸா?

அலுமினியத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது புது எஞ்சினுக்குப் பொருந்துமானால் முதல் சோதனை ஓட்டத்துக்கு மாட்டலாம், ஆர்பிஎம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியும். ஆனால் 225-இன் முறுக்குவிசையில் அந்தப் பிளேடுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், 21 என்று பொறித்திருந்தாலும் 21-ஆக வேலை செய்யாது. பாறையில் தட்டினால் தன்னையே உடைத்துக்கொண்டு அடியைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும் என்பது அதன் நற்குணம். பிறகு அது படகிலேயே உபரியாகக் கிடக்கட்டும்.

உண்மையான போட்டி மூன்றுக்கும் நான்குக்கும் இடையில். இரண்டையும் மேசையில் வைத்துப் பாருங்கள். நல்ல ஸ்டெயின்லெஸ் பிளேடின் பின் விளிம்பில் விரலை ஓட்டினால் நுனி லேசாக மடிந்து உதடு போல நிற்கும். அதைக் கப் என்பார்கள். தண்ணீரோடு காற்று கலந்து வரும்போதும் பிடியை விடாமல் வைத்திருப்பது அந்த உதடுதான். அது பிட்ச்சைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதனால்தான் ஒரே 21 எண் கொண்ட இரண்டு புரொப்பெல்லர்கள் ஒரே ஆர்பிஎம் தருவதில்லை.

மூன்று பிளேடில் தண்ணீரோடு உராயும் பரப்பு குறைவு. பிளேடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், அதாவது ரேக், அதிகமுள்ள மாடல் படகின் மூக்கைத் தூக்கும். ஈரமான அடிப்பரப்பு குறைய, கடைசி ஒன்றிரண்டு மைல் கிடைக்கும். நேர்கோட்டில், அமைதியான தண்ணீரில், இருவரோடு மட்டும் ஓடுபவருக்கு இதுதான்.

நான்கு பிளேடு அந்த ஒன்றிரண்டு மைலை விட்டுக்கொடுத்து வேறு நான்கு விஷயங்களை வாங்கித் தருகிறது. பின்பக்கத்தைத் தூக்குகிறது, படகு சீக்கிரம் எழும்பி ஓடத் தொடங்குகிறது, குறைந்த வேகத்திலும் எழும்பிய நிலையிலேயே நிற்கிறது, திருப்பத்தில் பிடி விடுவதில்லை. மூன்று பிளேடோடு வேகமாகத் திருப்பும்போது எஞ்சின் திடீரென்று வீறிட, படகு மட்டும் தொய்ந்து உட்காரும் அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். எஞ்சினை மாற்றிய படகில் பின்பக்க எடை கூடியிருக்கும் என்பதால் என் ஓட்டு நான்குக்குத்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கூடுதல் பிளேடு ஆர்பிஎம்மைக் கொஞ்சம் இழுக்கும், அதனால் ஒரு அங்குலம் குறைத்து 20 பிட்ச்சில் தொடங்க வேண்டும்.

நடுவில் 23 என்ற ஆசை எட்டிப் பார்க்கும். ஒரு அங்குலத்துக்கு 150 முதல் 200 ஆர்பிஎம் குறையும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 5,800 சுற்றிய எஞ்சின் 5,400-க்கு இறங்கிவிடலாம். ஸ்லிப் மாறாவிட்டால் காகிதத்தில் 61 மைல் வரும், கூடுவது ஒரே மைல். ஆனால் எஞ்சின் தன் எல்லைக்குக் கீழே முக்கிக்கொண்டு ஓடும், நாலு பேர் ஏறினால் இன்னும் மோசம். எதிர்ப்பக்கம், 19 போட்டால் எஞ்சின் குதித்துப் போய், சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரில் முட்டும்.

பார்க்க வேண்டியது இதுதான்: வழக்கமாக ஏறும் ஆட்கள், வழக்கமான எரிபொருள், சரியான டிரிம் (எஞ்சினின் சாய்வுக் கோணம்). இந்த நிலையில் ஆர்பிஎம் எல்லையின் மேல் பாதியில் நிற்கிறதா? வேகமானியை நம்பாமல் ஜிபிஎஸ்ஸை வைத்து, ஒரே தடத்தில் போகவும் வரவும் ஓடி, சராசரி எடுக்கவும். அப்புறம் ஸ்லிப்பைப் போட்டுப் பாருங்கள். 15 சதவீதத்தைத் தாண்டினால் எஞ்சினைப் படகில் அதிக உயரத்தில் பொருத்தியிருக்கலாம், பிளேடு பழுதாகியிருக்கலாம், இல்லை இந்தப் படகுக்குப் பிளேடு பரப்பு போதவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் சாதனை என்று துள்ள வேண்டாம். ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் பொய் சொல்கிறது, அல்லது கியர் ரேஷியோவைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது பொறித்த பிட்ச்சை விட உண்மைப் பிட்ச் அதிகம்.

இதெல்லாம் படகின் தகட்டில் எழுதிய குதிரைத்திறன் உச்சவரம்புக்குள் எஞ்சின் இருந்தால்தான். 50-இல் சாதுவாக ஓடிய படகு 60-இல் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கலாம். ஆட்டம் தொடங்கினால் திராட்டிலை மெதுவாகக் குறைத்து, டிரிம்மைக் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும். முதல் முழு திராட்டில் ஓட்டத்துக்கு முன் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள்.