சொகுசு எஸ்யூவி வாடகைக்கு எடுப்பவர்களே, எச்சரிக்கை: என் ரூ.75,000 போனது இப்படித்தான்

கொதிப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். சற்று முன்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. "தங்கள் முன்பணம் ரூ.75,000 முழுவதும் பழுதுச் செலவுக்கு ஈடுசெய்யப்பட்டது. தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது." அவ்வளவுதான். அடியில் ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை.

தனியாரின் கார்களை அவர்கள் சார்பில், தாமே ஓட்டிச் செல்ல விரும்புகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் செயலி அது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போவதால் பெயரை எழுதவில்லை. சென்னையில் குடும்பத்தோடு நெடும்பயணம் கிளம்புகிற யார் வேண்டுமானாலும் இதில் மாட்டலாம். நடந்ததைச் சொல்கிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

அப்பா பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். விஜயநகரத்தை ஆண்டாண்டாகப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர், ஹம்பியைக் கண்ணால் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, நெருக்கியடித்து உட்கார முடியாது. அதனால்தான் ஏழு பேர் அமரும் ஜெர்மன் எஸ்யூவி. சென்னையிலிருந்து பெங்களூரு, சித்ரதுர்கா வழியாக ஹம்பி, அங்கிருந்து ஹூப்ளி, அன்மோட் மலைப்பாதை, கோவா என்று திட்டம். வாடகை தனி, திருப்பித் தரும் முன்பணம் ரூ.75,000 தனி. வண்டியை ஒப்படைத்த 48 மணி நேரத்தில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும் என்று செயலியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதிகாலையில் வண்டியைக் கொண்டுவந்த இளைஞன் அவ்வளவு மரியாதை. "பெரியவர்கள் வருகிறார்கள் என்று ஏசியை முன்னாலேயே போட்டுக் குளிரவைத்திருக்கிறேன் சார், இன்ஜினை அணைக்காதீர்கள்" என்றான். அம்மா கொடுத்த காபியைக் குடித்தான். பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து, குனிந்து ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் அவனே வைத்தான். அப்பாவின் போனை வாங்கித் தன் எண்ணைப் பதிந்துகொடுத்து, "ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடலாம் ஐயா, உங்கள் பிள்ளை மாதிரி" என்றான். நான் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்தேன். நம்பர் பிளேட் வெள்ளையாக இருக்கிறதே என்றும் கேட்டேன். "எல்லா அனுமதியும் செயலியில் ஏற்றியிருக்கிறது சார், காப்பீடு முழுக் காப்பீடு" என்று உடனே பதில் வந்தது. அம்மா அவனுக்கு நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினார். அந்த நூறு ரூபாயை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று அவன் சொன்னது ஏன் என்று கிருஷ்ணகிரியில் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்தியதும் திரையில் மஞ்சள் எழுத்து: ஆட்ப்ளூ நிரப்பவும், 460 கிலோமீட்டருக்குப் பிறகு இன்ஜின் கிளம்பாது. வண்டியைக் கிளப்பும்போது வந்து, ஒரு பொத்தானைத் தட்டினால் மறைந்துவிடும் எச்சரிக்கை அது. ஓடிக்கொண்டிருந்த வண்டியை என்னிடம் கொடுத்ததால் அது என் கண்ணில் படவே இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, பெரிய டீசல் வண்டிகள் பலவற்றில் டீசல் தொட்டியோடு இன்னொரு சிறு தொட்டியும் இருக்கிறது. அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியா கலந்த சுத்தமான நீர்க்கரைசல். அதுதான் ஆட்ப்ளூ, லாரிக்காரர்கள் டெஃப் என்பார்கள். புகைக்குழாயில் அது பீய்ச்சப்பட்டு, நச்சான நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. தீர்ந்துபோனால், ஓடுகிற வண்டி நிற்காது. ஆனால் ஒருமுறை அணைத்தால் மறுபடி கிளம்பாது. இயந்திரக் கோளாறு ஒன்றுமில்லை, வண்டியின் கணினியே தடுத்துவிடுகிறது.

கிருஷ்ணகிரியிலிருந்தே அழைத்தேன். நானே வாங்கி ஊற்றிக்கொள்கிறேன் என்றேன். கூடவே கூடாது என்றார்கள். எரிபொருள் தவிர வேறு எந்தத் திரவத்தையும் அனுமதியின்றி நிரப்பினால் முன்பணம் பறிமுதல் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். "ஹொசபேட்டையில் எங்கள் ஆள் வந்து நிரப்புவார், நிம்மதியாகப் போங்கள்." வாட்ஸ்ஆப்பில் எழுதியே அனுப்பினார்கள், அது என்னிடம் இருக்கிறது. ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசபேட்டையில், நாங்கள் தங்கிய விடுதி வாசலில் இரவு முழுக்க வண்டி நின்றது. எந்த ஆளும் வரவில்லை. காலையில் கேட்டபோது, "வந்துகொண்டிருக்கிறார், நீங்கள் ஹம்பியைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்கள்.

விட்டலர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவிலேயே வாகனங்களை நிறுத்திவிட்டு, பேட்டரி வண்டியில்தான் உள்ளே போக வேண்டும். ஐம்பது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறதே, அந்தக் கல் தேரின் முன்னால் அப்பா அசையாமல் நின்றார். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தூணாகக் காட்டினார். இந்தப் பயணத்தில் எங்களுக்கு மிஞ்சிய நல்ல பொழுது அதுதான். உச்சி வெயிலில் திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பவில்லை. கதவைத் திறந்தால் அனல். நாலா பக்கமும் பாறை, அதுவும் அனலைக் கக்குகிறது. அம்மாவை ஓர் இளநீர்க் கடையின் தார்ப்பாய் நிழலில் உட்காரவைத்துவிட்டு அழைத்துக்கொண்டே இருந்தேன். அப்பாவின் போனில் இருந்த அந்த "பிள்ளையின்" எண் அணைக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண், பெங்களூரிலிருந்து இழுவை வண்டி அனுப்பலாம், ஆனால் செலவு உங்களுடையது என்றார். கத்தினேன். ஆமாம், நடுவெயிலில் பெற்றவளை உட்காரவைத்திருப்பவன் கத்தத்தான் செய்வான். மேலதிகாரி என்று ஒருவர் வந்தார். "சரி சார், நீங்களே நிரப்பிவிடுங்கள், பில்லை அனுப்புங்கள், அந்தப் பணத்தையும் சேர்த்துத் தருகிறோம்" என்றார். அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்ற அறிவிப்பும் அதே அழைப்பில்தான் ஒலித்தது.

உள்ளூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் என்னை ஹொசபேட்டை நெடுஞ்சாலைக்கு அழைத்துப் போனார். இரும்புத் தாது லாரிகள் ஓடுகிற ஊர் அது, பெட்ரோல் பங்கிலேயே டெஃப் அடுக்கிவைத்திருக்கிறார்கள். முத்திரை உடையாத இருபது லிட்டர் கேன் வாங்கினேன். முத்திரையைப் படம் எடுத்தேன், தொகுதி எண்ணைப் படம் எடுத்தேன், கணினி ரசீது வாங்கினேன். திரும்பி வந்து, டீசல் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் நீல மூடியைத் திறந்து, புனல் வைத்து ஊற்றினேன். ஓட்டுநர் கேனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இன்ஜினைக் கிளப்பாமல் மின்சாரத்தை மட்டும் போட்டுக் காத்திருந்தோம். எச்சரிக்கை மறைந்தது, வண்டி கிளம்பியது. அந்த மனிதர் ஆட்டோ வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்க மறுத்துவிட்டார். லட்சங்களில் வண்டி வைத்திருக்கிற கூட்டத்துக்கு அந்த மனசாட்சியில் கால்வாசி இல்லை.

கோவா எல்லையை நெருங்கும்போது இன்னொரு செய்தி. "போலீஸ் நிறுத்தினால் நண்பரின் வண்டி என்று சொல்லவும்." முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு மலையிறங்கிக்கொண்டிருப்பவனிடம் பொய் சொல்லச் சொல்கிறார்கள்! வெள்ளை நம்பர் பிளேட் பற்றி நான் கேட்டபோது சொன்ன பதில் பச்சைப் பொய் என்று அப்போது புரிந்தது. சொந்த உபயோகத்துக்கான காப்பீட்டில் வாடகைக்கு விடுவது சேராது. வழியில் ஒரு விபத்து நடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்திருக்கும். மலைப்பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு இதே நினைப்பு. கோவாவை நாங்கள் பார்த்தோம் என்று சொல்வதற்கில்லை, சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

சென்னையில் வேறு ஓர் ஆள் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, செயலியில் "சேதம் இல்லை" என்று பதிந்து வண்டியை எடுத்துப்போனார். 48 மணி நேரம் முடிந்தது, பணம் வரவில்லை. கணக்குப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசி கிடையாதாம், மின்னஞ்சல்தானாம். மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில். சாட்டில் வந்தவர், "உங்கள் சிரமம் புரிகிறது" என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒட்டிவிட்டு ஒன்றுமே சொல்லாமல் போனார். பிறகு ஒரு பில்லை அனுப்பினார்கள். தரமற்ற யூரியா கரைசலால் புகை சுத்திகரிப்பு அமைப்பு பழுது, செலவு ரூ.75,000. நான் கட்டிய முன்பணம் எவ்வளவோ அதே தொகை, ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, வண்டியின் சேஸிஸ் எண் இல்லை, மாற்றிய பாகத்தின் பெயர்கூட இல்லை. இவ்வளவு பெரிய பழுது பார்த்ததாகச் சொல்லப்படும் வண்டி, நாங்கள் ஒப்படைத்த மறுநாளே செயலியில் வாடகைக்குத் தயார் என்று நின்றது. திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை.

நிரப்பச் சொன்ன உங்கள் அதிகாரியின் குரல்பதிவை எடுத்துக் கேளுங்கள் என்றேன். அப்படி ஓர் அழைப்பே பதிவில் இல்லையாம். அப்புறம் கடைசி அஸ்திரம்: "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, முடிவு வண்டி உரிமையாளருடையது." பணம் வாங்கும்போது அந்த உரிமையாளர் எங்கே இருந்தார்? ரூ.75,000 போனது உங்கள் கணக்குக்குத்தானே? அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்தும் ஒரு பங்கு அதில் இருக்கிறது. பயணமே தன்னால்தான் என்று அவர் இப்போது குறைப்பட்டுக்கொள்கிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. சுருக்கமாகக் கேளுங்கள். தானே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை என்றால் யார் என்ன சமாதானம் சொன்னாலும் சாவியை வாங்காதீர்கள். வண்டி ஓடிக்கொண்டு வந்தால், அணைத்துவிட்டு நீங்களே கிளப்பிப் பாருங்கள், திரையை வீடியோ எடுங்கள். தொலைபேசியில் கொடுக்கும் எந்த அனுமதியையும் எழுத்தில் வாங்காமல் எதையும் செய்யாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், முன்பணத்தை யுபிஐயில் அனுப்பாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் 1915-ஐ அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. என் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே போல "தரமற்ற யூரியா" என்று சொல்லி யாரிடமாவது முன்பணத்தைப் பிடித்திருந்தால், அந்தப் பில்லின் படத்தை எனக்கு அனுப்புங்கள். இணைப்பில் சேர்க்கிறேன்.