‘ஒரிஜினல் பார்ட்ஸ்’ என்ற வார்த்தையை நம்பி அப்பாவின் சீக்கோவைக் கொடுத்தேன்

எழுபதுகளில் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய வாட்ச். சீக்கோ 6139-6002, மஞ்சள் டயல், சுற்றிலும் சிவப்பும் நீலமுமாக வளையம். 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக் கட்டியிருந்த அதே வகை என்பதால், பழைய வாட்ச் சேர்ப்பவர்கள் இதற்கு ‘போக்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு அது ‘மஞ்ச வாட்ச்’, அவ்வளவுதான்.

கோளாறு இரண்டே இரண்டு. ஸ்டாப்வாட்ச் முள்ளை ரீசெட் செய்தால் 60-க்கு வராமல் இரண்டு நொடி தள்ளி நின்றது. அப்புறம், சாவியைத் திருகினால் டயலைச் சுற்றியுள்ள உள்வளையம் சுழல வேண்டும், சுழலவில்லை. அதைத் திருப்புவது ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம். இத்தனை வருடத்தில் அது உதிர்ந்துபோவது இந்த மாடலில் சகஜம்.

சென்னையில் ஒரு கடை. பேர் வேண்டாம். கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஜப்பான்ல இருந்து ஒரிஜினல் பார்ட்ஸ் வரவழைச்சுப் போடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்” என்றார். ‘புதுசு மாதிரி’ என்றபோதே எழுந்து வந்திருக்க வேண்டும். 6,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ரசீதில் ‘சீக்கோ 1, சர்வீஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

நான்கு மாதம் கழித்து வாட்ச் வந்தது. பளபளவென்று இருந்தது. வயிறு கலங்கிவிட்டது.

பழைய டயலை வெயிலில் சாய்த்தால் நடுவிலிருந்து கதிர் விரிகிற மாதிரி நிறம் மாறும். இது எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மஞ்சள், சுவருக்கு அடித்த பெயின்ட் போல. டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்தில் இருக்கும் எண் லென்ஸில் பார்த்தால் மை கசிந்து தெரிந்தது. ராத்திரி விளக்கை அணைத்தால் முட்கள் விடிய விடிய பச்சையாக ஒளிர்ந்தன. பின்மூடியில் வரிசை எண் 43 என்று தொடங்குகிறது. முதல் இலக்கம் வருடம், அடுத்தது மாதம். 6139 வரிசை 1969-இல் வந்து எழுபதுகளோடு முடிந்துபோனது, ஆகவே இது 1974 மார்ச். அந்தக் காலத்துப் பூச்சு இன்றைக்கு இப்படி ஒளிராது.

கேஸை இயந்திரத்தில் கொடுத்துத் தேய்த்திருந்தார்கள். மேற்புறத்தில் இருந்த மெல்லிய கோடுகள் காணோம், கூரான விளிம்புகள் சோப்புக்கட்டி போல மழுங்கிவிட்டன. டயலைக்கூடத் தேடிப் பிடித்து மாற்றலாம், தேய்த்த உலோகத்தை யார் திருப்பித் தருவது? உள்வளையமாவது சுழல்கிறதா என்று பார்த்தேன். பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஸ்டாப்வாட்ச் முள் இப்போது மூன்று நொடி தள்ளி நிற்கிறது!

டயலையும் முள்ளையும் மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நம் ஊர்களிலிருந்து போகும் இந்த மாதிரி ஒட்டுப்போட்ட வாட்ச்களை ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கிண்டல் செய்வார்கள். படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். இப்போது என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது.

இந்த வகை வாட்ச்சை யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், பின்மூடியைத் திறக்கச் சொல்லி மெஷினையும், டயலை நெருக்கத்திலும் அவர் எதிரிலேயே போட்டோ எடுங்கள். ‘பாலிஷ் வேண்டாம், கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது, கழற்றியதைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வாட்ச்சைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். கடையில் கொடுப்பதற்கு முன் எடுத்ததில் என்னிடம் இருக்கும் ஒரே படம், ஒரு கல்யாணத்தில் அப்பா பந்தியில் உட்கார்ந்திருப்பது. வாட்ச் பாதி சட்டைக் கைக்குள்.

பழைய டயலைக் கேட்டு மூன்று முறை நடந்தேன். “அது குப்பை சார், எதுக்கு?” என்றார் முதலில். மூன்றாவது முறை ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது நீல டயல்.