இன்ஜின் கேஸிங்கைப் பெயின்டுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய வெஸ்பா ஸ்கூட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இன்ஜின் கேஸிங்கையும் ஒரு கோட் அடித்துவிடலாமே" என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கேஸிங் என்பது இன்ஜினின் உள்பாகங்களை மூடும், இரண்டு பாதியாக வரும் அலுமினியக் கூடு. என்னுடைய இரண்டு பாதியும் புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்துத் திரும்பி வந்தன. ஆனால் இன்ஜினாகப் பூட்ட முடியாது. பெயின்ட் அடித்தவர் பெயரை இங்கே போடவில்லை. இந்த மாதிரி வேலை செய்பவர் அவர் ஒருவர்தான் என்றும் நான் நினைக்கவில்லை.

பேரிங், ஆயில் சீல், ஸ்டட் எல்லாவற்றையும் கழற்றி வெறும் கேஸிங்காகத்தான் கொடுத்தேன். சுத்தம் செய்ய மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கக் கூடாது, இரண்டு பாதியும் சேரும் முகத்தில் பெயின்ட் படக் கூடாது, பேரிங் உட்காரும் குழிகளை அடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும், இன்ஜின் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொன்னதோடு, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். "எத்தனை வண்டி பார்த்தாச்சு சார், கவலைப்படாதீங்க" என்றார். முன்பணமும் வாங்கிக்கொண்டார்.

வாங்கி வந்ததும் ஒரு துணியில் பெட்ரோல் நனைத்து ஓர் ஓரத்தில் லேசாகத் துடைத்தேன். துணி முழுக்க வெள்ளி. கீழே சாம்பல் நிற அலுமினியம் தெரிந்தது, நடுவில் ப்ரைமர் என்று ஒன்றுமே இல்லை. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்ஸைடு படலம் இருக்கும். அதன்மேல் சாதாரணப் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் எண்ணெய் போகச் சுத்தம் செய்து, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் ப்ரைமர் போட்டு, அதன் மேல் பெட்ரோல் தாங்கும் ஹார்டனர் கலந்த டூ-கே பெயின்ட் அடிப்பார்கள். இங்கே ஸ்ப்ரே டப்பாவில் நேராக அடித்திருக்கிறார். கார்புரேட்டரில் ஒருமுறை பெட்ரோல் வழிந்தால் போதும், கோடு கோடாகக் கரைந்துவிடும்.

சரி, பெயின்டை உரித்து வேறு ஆளிடம் அடித்துக்கொள்ளலாம். மனசு விட்டுப்போனது அதற்கு அப்புறம்தான்.

ஸ்டட் துளையில் ஒரு போல்ட்டைக் கையால் திருகிப் பார்த்தேன். நாலு மரை போனதும் நறநறவென்றது. வெளியே எடுத்தால் மரை இடுக்கு முழுக்க மணல். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததையே செய்திருக்கிறார், அதுவும் எந்தத் துளையையும் அடைக்காமல். பேரிங் குழிகளின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. இப்போது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பேரிங் அந்தக் குழியில் இறுக்கத்தால்தான் நிற்கிறது. கேஸிங்கைச் சூடாக்கித்தான் உள்ளேயே இறக்குவோம். அந்த இறுக்கம் போனால் பேரிங் குழிக்குள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும்.

இதைவிட மோசம் ரோட்டரி வால்வு முகம். பல பழைய வெஸ்பாக்களில் கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல்-காற்றுக் கலவை கேஸிங்கில் உள்ள ஒரு நீளவாட்டத் துளை வழியாகக் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) அறைக்குள் போகிறது. அந்தத் துளையைத் திறந்து மூடத் தனி வால்வு கிடையாது. கிராங்கின் வளைந்த பக்கமே அதை உரசாமல் ஒட்டிப்போய் மூடுகிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். துளையைச் சுற்றியுள்ள அந்தச் சின்ன முகத்தையும் மணலால் அடித்து, மேலே வெள்ளியும் பூசி வைத்திருக்கிறார். அது சரியாக மூடாவிட்டால் கலவை கார்புரேட்டர் வழியாகவே திரும்பித் துப்பும். ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலிங் நிற்காது. மெக்கானிக் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கேஸிங்கைக் கீழே வைத்தார்.

சேரும் முகத்திலும் பெயின்ட். பேக்கிங் அதன் மேல் உட்கார்ந்தால், சூட்டில் பெயின்ட் நசுங்கி நட்டு தளரும், காற்று உள்ளே போகும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்தக் காற்றுதான் கலவையை மெலியவைத்து, பிஸ்டனைச் சூடாக்கி, கடைசியில் சீஸ் ஆக்குகிறது, அதாவது இறுகிப் பிடித்துக்கொள்ள வைக்கிறது. இன்ஜின் நம்பரில் பாதி, பட்டி வைத்துத் தேய்த்ததில் மூடிப்போயிருந்தது. பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வருபவரிடம் நான் என்ன சொல்வது?

திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். "நீங்க பெயின்ட்தானே சார் கேட்டீங்க, பெயின்ட் நல்லாத்தானே இருக்கு" என்றார். எழுதிக் கொடுத்த தாளைப் பற்றிக் கேட்டால், பையன் எங்கேயோ வைத்துவிட்டானாம். மிச்சப் பணத்தைக் கொடுத்தால்தான் பில் தருவேன் என்று வேறு. நான் கொடுக்கவில்லை.

புதுசாக ஒரு பாதியை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: இரண்டு பாதியும் ஜோடியாகவே கடைசல் செய்யப்பட்டவை. வேறு இன்ஜினின் பாதியைச் சேர்த்தால் கிராங்க் நேராக நிற்கும் என்று நம்ப முடியாது.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அவர் ஏற்கெனவே செய்த கேஸிங்கின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெளிப்பக்கப் போட்டோ எல்லோரிடமும் இருக்கும். நீங்களே உங்கள் கேஸிங்கின் வால்வு முகம், பேரிங் குழி, நம்பர் மூன்றையும் கொடுக்கும் முன் கிட்டத்தில் போட்டோ எடுத்து, அவர் முன்னாலேயே அவருக்கு அனுப்பிவிடுங்கள். பவுடர் கோட்டிங் என்று யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள். பல வருஷம் எண்ணெய் ஊறிய வார்ப்பை 180, 200 டிகிரியில் சுட்டால் உள்ளே இருக்கும் எண்ணெயும் காற்றும் கொப்புளமாக மேலே வரும். சொல்லப்போனால், பல பழைய வெஸ்பாக்களின் கேஸிங் கம்பெனியிலிருந்தே பெயின்ட் இல்லாத வெறும் அலுமினியமாகத்தான் வந்தது. நீர் கலந்து அடிக்கும் வேப்பர் பிளாஸ்டிங் செய்தாலே அந்தப் பழைய தோற்றம் வந்துவிடும். அதற்கும் துளைகளை அடைக்கத்தான் வேண்டும்.

என் கேஸிங் இப்போது லேத் பட்டறையில் இருக்கிறது. வால்வு முகத்தில் அலுமினிய வெல்டிங் வைத்துக் கிராங்க் அளவுக்குக் கடைய முடியுமா, இல்லை துளையை அகலப்படுத்தி, மெல்லிய தகடு தானே திறந்து மூடும் ரீட் வால்வுக்கு மாற்றிவிடலாமா என்று பார்க்கிறார்கள். முன்பணம் இன்னும் வரவில்லை.